புத்தகயாவில் கம்மிச் செலவில் தங்குவது: காரைக்குடித் தம்பிக்கு ஒரு பதில்

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார் (எங்கள் பக்கத்தில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா): "அப்பச்சி, ஆத்தா இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. மார்கழியில் காசி, கயா போகிறோம். கயாவில் பிண்டம் போட்டபிறகு புத்தகயாவில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்று ஆத்தாவுக்கு ஆசை. ஆயிரம், ஆயிரத்து இருநூறுக்குள் சுத்தமான அறை கிடைக்குமா? இல்லை, கயாவிலேயே தங்கிக்கொண்டு பகலில் போய் வந்துவிடலாமா? ஆன்லைனில் போட்டிருக்கும் படங்களை நம்பலாமா?"

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காசி, கயா போகும்போது துணைக்குப் போய் வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வி. கயாவில் தங்கிக்கொண்டு புத்தகயாவைப் பகலில் பார்த்துவிட்டு வரலாம், தூரம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அப்படிப் போகிறவர்கள் பதினொரு மணி வெயிலில், பஸ் பஸ்ஸாக வந்திறங்கும் கூட்டத்தோடு நெரிந்து, போதிமரத்தைச் சுற்றிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று திரும்பி வருவார்கள். புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் நிற்கும் மகாபோதி கோயில் காலை 5 மணிக்குத் திறக்கிறது, இரவு 9 மணிக்கு மூடுகிறார்கள். அந்தக் கோயில் கோயிலாக இருப்பது முதல் இரண்டு மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும்தான். விடியலில் இலங்கைக்காரர்கள் ஒரு பக்கம் பாலி மொழியில் ஓதுவார்கள், தாய்லாந்துக்காரர்கள் இன்னொரு பக்கம், திபெத்தியர்கள் பலகை போட்டு விழுந்து விழுந்து எழுவார்கள். ஆத்தாவுக்கு ஆசை என்றால் அவர் பார்க்க வேண்டியது அதைத்தான். அதற்கு அங்கேயே தங்கியாக வேண்டும். அதுவும் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில்.

அறை பார்க்கும்போது நான் வைத்துக்கொள்ளும் ஒரே அளவுகோல் இதுதான்: காலை நாலரை மணி இருட்டில், எழுபது வயதுக்காரர் கால்நடையாகப் போய்ச் சேர முடியுமா? முடியும் என்றால் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தாலும் பரவாயில்லை. கோயில் முன்பாதைக்கு வண்டி விடமாட்டார்கள், கடைசிப் பகுதி எப்படியும் நடைதான். கோயில் வளாகமும் தெருமட்டத்திலிருந்து பள்ளத்தில் இருக்கிறது, படி இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்களின் நடையை அங்கே செலவழிக்க மிச்சம் வையுங்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வயல்வெளியைப் பார்த்தபடி ஒரு புது ஓட்டல் அதே விலைக்கு டைல்ஸ், டிவி எல்லாம் காட்டும். பகலில் டோட்டோ கிடைக்கும், பாட்டரி ரிக்‌ஷாவை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மார்கழிப் பனியில் அதிகாலை நாலரைக்கு ஓட்டுகிறவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு.

சரி, விலை. நீங்கள் சொல்லும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு நடக்கும் தொகைதான், ஆனால் மார்கழியில் நடக்காது. கூட்டம் இல்லாத நாளில் இரண்டு பேர் படுக்கும் சாதாரண அறை ஆயிரத்தை ஒட்டிக் கிடைக்கும், பேசினால் இறங்கியும் வரும். டிசம்பர், ஜனவரி புத்தகயாவின் உச்ச சீசன். டிசம்பர் தொடக்கத்தில் பல நாட்டுப் பிக்குகள் சேர்ந்து பௌத்த மறைநூலான திரிபிடகத்தை ஓதும் நிகழ்ச்சி நடக்கும். அதைத் தொட்டுத் திபெத்தியர்களின் மோன்லாம் பிரார்த்தனைகள். தலாய் லாமா வருகிறார் என்று செய்தி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைக்குக்கூட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொல்வார்கள். 2017 ஜனவரியில் அங்கே திபெத்தியர்களின் காலசக்கர விழா நடந்தபோது ஊருக்கு வெளியே கூடார நகரமே போட வேண்டியிருந்தது.

தேதியை மாற்ற முடியும் என்றால் மாற்றிவிடுங்கள் என்பேன். தையில் பழனிப் பாதயாத்திரை முடித்து வந்து, மாசியில் கிளம்பினால் குளிரும் குறைந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். சிவராத்திரி வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், காசியில் கால் வைக்க இடம் இருக்காது. புரட்டாசி மகாளய பட்சத்தில் கயாவே பிதுங்கும், அந்தக் கூட்டம் புத்தகயா லாட்ஜ்கள் வரை வழியும். வைகாசியில் புத்த பூர்ணிமா அழகுதான், ஆனால் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயில். பெரியவர்களோடு வேண்டாம்.

இல்லை, மார்கழிதான் தோது என்றால், பட்ஜெட்டை இரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டு இப்போதே போன் போடுங்கள். அல்லது விகாரைகளில், அதாவது பௌத்த மடங்களில், கேளுங்கள்.

விகாரை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகயாவில் கம்மிச் செலவு என்றால் அதுதான் பழைய வழி. அங்கே பௌத்தர்கள் இருக்கும் பல நாடுகளுக்கும் ஆளுக்கொரு கோயில் உண்டு. தாய்லாந்து, ஜப்பான், பூட்டான், பர்மா, வியட்நாம், வங்கதேசம் என்று தெருவுக்குத் தெரு. பல விகாரைகளில் யாத்ரீகர் விடுதி இருக்கிறது. இலங்கையின் பௌத்தத் தலைவர் அநகாரிக தர்மபாலர் 1891-ல் தொடங்கிய மகாபோதி சங்கத்தின் விடுதியில் இலங்கை யாத்ரீகர் கூட்டம் எப்போதும் இருக்கும். இந்த ஊரில் தங்க இடமில்லை என்ற குறை இன்று நேற்று வந்ததல்ல. நாலாம் நூற்றாண்டில் இங்கே வந்த இலங்கைப் பிக்குகள் தங்க இடமில்லாமல் அவதிப்பட்டு, ஊர் திரும்பித் தங்கள் அரசன் மேகவர்ணனிடம் முறையிட்டார்கள். அவன் வடக்கே ஆண்ட குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தனுக்குக் காணிக்கை அனுப்பி, அனுமதி வாங்கி, போதிமரத்துக்கு வடக்கே ஒரு பெரிய மடத்தைக் கட்டிவிட்டான். காசியில் நம் ஆட்கள் சத்திரம் கட்டிய அதே காரணம்தான், அவர்கள் நமக்கு ஆயிரத்து நானூறு வருஷமாவது முந்திவிட்டார்கள்.

பர்மா விகாரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண் எல்லாம் ரங்கூன், மௌல்மீன் பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன ஐயாமார்களுக்குப் பர்மாக்காரர்களின் புத்த பக்தி நேரில் தெரியும். இடிந்து கிடந்த மகாபோதி கோயிலைப் பழுதுபார்க்க 1870-களில் ஆள் அனுப்பியது பர்மாவின் மிண்டோன் மன்னர்தான். அதற்குப் பின்தான் வெள்ளைக்கார அரசாங்கம் இறங்கி, தொல்லியல் அதிகாரி கன்னிங்ஹாம் மேற்பார்வையில் 1880-களில் வேலையை முடித்தது. இப்போது நிற்கும் போதிமரமும் அந்தக் காலத்தில் நட்டதுதான். அப்பச்சியின் குடும்பத்தில் யாராவது பர்மாவில் இருந்தவர்கள் என்றால், அந்த விகாரை வாசலில் நிற்கும்போது அவருக்கே பேச்சு பொங்கிவரும்.

விகாரையில் தங்குவதில் இருக்கும் நல்லது: அமைதி, சுத்தம், ஏமாற்று இல்லை. சில இடத்தில் வாடகை என்று இல்லாமல் நன்கொடையாக வாங்குவார்கள். சங்கடம் என்னவென்றால், தங்கள் நாட்டு யாத்ரீகர்களுக்குத்தான் முதல் இடம், மிச்சம் இருந்தால்தான் நமக்கு. கேட்டை இரவு ஒன்பது, பத்துக்குப் பூட்டிவிடுவார்கள். ரூம் சர்வீஸ் என்ற பேச்சே கிடையாது. கட்டில் மரப்பலகை போல இருக்கலாம், குளியலறை பொதுவாக இருக்கலாம். ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோகிற வயசுக்காரர்களுக்குப் பொதுக் குளியலறை சரிவராது. ஆகவே போனில் கேட்கும் முதல் கேள்வி, "அறைக்குள்ளேயே பாத்ரூம் உண்டா?" என்பதாக இருக்கட்டும். கீழ்த்தளத்தில் இடம் உண்டா என்பது அடுத்தது.

லாட்ஜ்தான் என்றால், எதைப் பார்ப்பது?

வெந்நீர். மார்கழியில் கயா பக்கம் விடியற்காலைக் குளிர் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும். நம் ஊரில் மார்கழி என்றால் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற அளவுதான், அங்கே தரையில் கால் வைக்க முடியாது. "கீசர் இருக்கு" என்று எல்லா லாட்ஜிலும் சொல்வார்கள், இருக்கும் என்பதும் உண்மைதான். அறைக்குள் போனதும் பையை இறக்குவதற்கு முன்னால் குளியலறைச் சுவரைப் பாருங்கள். மூன்று லிட்டர் பிடிக்கும் குட்டி இன்ஸ்டன்ட் கீசர் என்றால் அரை வாளிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் வரும். பதினைந்து லிட்டர் உருளை என்றால் ஒருவர் குளித்துக் கால் மணி நேரம் கழித்து அடுத்தவர். சுவிட்சைப் போட்டுச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம். கீசரே இல்லாத இடங்களில் பையன் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பான், வாளிக்கு இவ்வளவு என்று வாங்குவான். என்னைக் கேட்டால் பழுதான கீசரைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஐந்து மணிக்குக் கோயில் என்றால் நாலு மணிக்கு அந்தப் பையன் எழுந்திருக்க மாட்டான். கோயிலுக்குப் போய்வந்து குளிக்கலாம் என்று ஆத்தாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

ரஜாய் என்று பஞ்சு வைத்த தடித்த போர்வை கொடுப்பார்கள். உறை மாற்றினார்களா என்பது சந்தேகம்தான், அதனால் வீட்டிலிருந்து இரண்டு செட்டிநாட்டுக் கண்டாங்கியையோ மெல்லிய பருத்திப் போர்வையையோ எடுத்துப்போய், ரஜாய்க்கு உள்பக்கம் விரித்துப் போர்த்திக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு ரஜாய் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். மெத்தை ஓரத் தையலைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று ஒரு பார்வை. சன்னல் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்றும் பாருங்கள், சாயங்காலம் கொசு மொய்க்கும். மேற்கத்திய டாய்லெட்டா இல்லையா என்பதை முட்டிவலி உள்ளவர்கள் போனிலேயே கேட்டுவிட வேண்டும். மூன்று மாடி லாட்ஜ்களில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. "நீச்சே வாலா கம்ரா" என்று அழுத்திச் சொன்னால் கீழ் அறை தருவார்கள். தெருப் பக்கத்து அறை வேண்டாம், உள்பக்கம் கேளுங்கள்.

படங்களை நம்பலாமா என்றால், கட்டிடத்தை நம்பலாம், அறையை நம்ப வேண்டாம். லாட்ஜ் திறந்த அன்று எடுத்த படம் பத்து வருஷத்துக்கு ஓடும். அதற்குப் பதிலாக, தங்கியவர்கள் எழுதியதில் டிசம்பர், ஜனவரியில் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள், வெந்நீரும் குளிரும் அங்கேதான் வெளிவரும். அப்புறம் லாட்ஜுக்கு நேரடியாகப் போன் செய்து, இன்றைய தேதியில் அறையை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்த லாட்ஜ். "வந்து பணம் கொடுத்தால் போதும்" என்று ஆப்பில் போட்ட புக்கிங்கைக் கூட்ட நாளில் சில இடத்தில் மதிக்க மாட்டார்கள். கூடுதலாகக் கொடுக்கிறவனுக்கு அறை போய்விடும், உங்களிடம் "ரூம் ரிப்பேர்" என்பார்கள். ஒரு நாள் வாடகையை முன்பணமாக அனுப்பி, தேதி, அறை எண்ணிக்கை, தொகை, வரி உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பன்னிரண்டு மணியா, இருபத்து நாலு மணி நேரமா என்பதில் ஒரு நாள் வாடகை வித்தியாசம் வந்துவிடும். எல்லோருடைய அசல் ஆதாரும் கையில் இருக்க வேண்டும்.

ஆட்டோக்காரர் பற்றி ஒரு எச்சரிக்கை. கயா ஸ்டேஷனில் ஏறியதும் "அந்த லாட்ஜா? மூடிட்டாங்களே" என்று ஆரம்பித்தால், அவருக்குக் கமிஷன் தரும் லாட்ஜ் வேறொன்று இருக்கிறது என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே லாட்ஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் அவரையே பேச வையுங்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இனி ஊரிலிருந்து போகும் வரிசை. கயாவில் பிண்டம் போடும் நாளுக்குக் கயாவிலேயே தங்குங்கள். காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்துக்குக் கயாவிலும் கிளை உண்டு. காசியில் இருக்கும்போதே அங்கே பேசி ஏற்பாடு செய்துகொள்வது எளிது. சாப்பாடு, வாத்தியார், விஷ்ணுபாதம், பல்குனி நதி, அட்சயவடம் எல்லாம் அங்கிருந்து போக வசதி. அட்சயவடம் என்ற அந்த ஆலமரத்தடியில் ஒரு காய், ஒரு பழத்தை இனிச் சாப்பிடுவதில்லை என்று விடச் சொல்வார்கள். அப்பச்சி உணர்ச்சிவசப்பட்டுக் கத்தரிக்காயை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஊரில் எந்த விசேஷ வீட்டுச் சாப்பாட்டிலும் அவருக்குக் கஷ்டம். அன்று களைப்பாக இருக்கும், அங்கேயே படுத்து, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் புத்தகயாவுக்கு மாறுங்கள். அன்று சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் விடியலில் ஒரு தடவை, சாயங்காலம் மறுபடி ஒரு தடவை கோயில். இரண்டு ராத்திரி இதற்குச் சரியாக இருக்கும். நடுப்பகலில் நிரஞ்சனா நதிக்கு அக்கரையில் சுஜாதா ஸ்தூபி, இக்கரையில் 1989-ல் தலாய் லாமா திறந்துவைத்த எண்பதடிப் புத்தர், பக்கத்திலேயே ஜப்பான் கோயில். டோட்டோ பேசிக்கொண்டால் மூன்று மணி நேர வேலை. ராஜகிருகம், நாளந்தா போக ஆசைப்பட்டால் அதற்கு ஒரு முழு நாளும் காரும் தனியாக வேண்டும். பெரியவர்களோடு இதே இரண்டு நாளுக்குள் அதைத் திணிக்காதீர்கள்.

மார்கழியில் வட இந்தியாவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் ரயில் மூன்று மணி நேரம் தாமதம், ஆறு மணி நேரம் தாமதம் என்பதெல்லாம் சகஜம். காசிப் பக்கமிருந்து கயாவுக்கு மதியத்துக்குள் வந்துசேரும் ரயிலாகப் பாருங்கள். காசியிலேயே ஏறலாம், முகல்சராய் (இப்போது பண்டித தீன்தயாள் உபாத்யாய ஜங்ஷன் என்று பெயர்) போய் ஏறினால் ரயில் அதிகம். தாமதமாகி நள்ளிரவில் இறங்கினால் அந்த நேரத்தில் ஊருக்குள் அலைய வேண்டாம், ஸ்டேஷனிலேயே ஓய்வறை இருக்கிறது, டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். விடிந்ததும் கிளம்பலாம். திரும்பும் ரயிலுக்கும் அதே நாளில் வேறு ரயிலையோ விமானத்தையோ கோத்துவிடாதீர்கள்.

கோயிலுக்குள் மொபைல் விடமாட்டார்கள், 2013-ல் குண்டு வெடித்ததிலிருந்து கெடுபிடி அதிகம். வாசலில் லாக்கர் இருக்கிறது, வரிசை நிற்கும். நடந்து போகிற தூரத்தில் தங்கியிருந்தால் போனை அறையிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போகலாம். ஆனால் உள்ளே ஒருவரை ஒருவர் கூப்பிட வழியில்லை என்பதால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். முசலிந்தக் குளக்கரை நல்ல இடம், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். செருப்பை வெளியே விட வேண்டும், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கலாம், பளிங்குத் தரை பனிக்கட்டியாக இருக்கும். போதி இலை என்று காசுக்கு நீட்டுவார்கள், வாங்க வேண்டாம். "எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தை வந்து பாருங்கள்" என்று இனிக்க இனிக்கப் பேசி நன்கொடை கேட்கும் ஆட்களிடம் ஆத்தாவைத் தனியாக விட்டுவிடாதீர்கள். பீகாரில் 2016 முதல் மதுவிலக்கு, கூட வரும் மாமா யாராவது இருந்தால் அவர் காதில் போட்டுவையுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பீகாரில் புழுங்கலரிசிச் சோறு உண்டு, "உஸ்னா" என்று கேளுங்கள். பருப்பு, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் எல்லாம் கிடைக்கும், காரம்தான் நம் நாக்குக்குப் போதாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கையில் இருந்தால் இரண்டு நாள் ஓடிவிடும். சீப்புச்சீடை, மாவுருண்டை, தேன்குழல் எப்படியும் ஆத்தா கட்டிவிடுவார். குளிர்காலத்தில் திபெத்தியர்கள் கூடாரம் போட்டுச் சூடாகத் துக்பா என்ற நூடுல்ஸ் சூப் விற்பார்கள், காய்கறி போட்டது என்று சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தக் குளிருக்கு இதம். காபிதான் கிடைக்காது, கிடைப்பதைக் காபி என்று சொல்ல முடியாது. சின்ன எலெக்ட்ரிக் கெட்டில், இன்ஸ்டன்ட் காபிப் பொடி, பால்பவுடர் எடுத்துப்போங்கள். லாட்ஜ்காரர் கெட்டிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார், வாளிக்குள் போடும் வெந்நீர்க் காயிலைப் (கம்பிச்சுருள் ஹீட்டர்) பார்த்தால் சத்தம் போடுவார்.

கிளம்பும் நாளன்று அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளக் கேட்டால் பெரும்பாலும் காசு வாங்காமல் வைத்துக்கொள்வார்கள். ராத்திரி ரயில் என்றாலும் கயாவுக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். போகிற வழியில் தில்குட் வாங்கலாம், எள்ளையும் வெல்லத்தையும் இடித்துச் செய்கிற கயா மிட்டாய், குளிர்காலத்தில்தான் புதிதாகக் கிடைக்கும். சர்க்கரை போட்டதும் உண்டு. வெல்லம் போட்டதையே கேட்டு வாங்குங்கள், ரயிலில் நொறுங்கினாலும் ருசி போகாது.